கேட்டின் சத்தம்

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நாய்கள்.
மேடைக்குப் பின்னால், குரைப்பு எட்டாத மூலையில் பூனைகள்.
ஒரு வாளியில் ஆமையும் உண்டு.
யார் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கில்புவேக்கு மேலே குன்று இன்னும் புகைகிறது.
நான் பாதங்களைப் பார்க்கிறவள்.
காலையில் கட்டு அவிழ்ப்பேன்,
உப்புநீரில் கழுவி
வெள்ளைக் களிம்பு பூசி
மறுபடி சுற்றுவேன்.
கட்டுத்துணி தீர்ந்த அன்று
பிரசவ வார்டிலிருந்து யாரோ அனுப்பினார்கள்
கைக்குழந்தைக் காலுறைகள், இரண்டு பை நிறைய.
மஞ்சள் வாத்து போட்ட காலுறையில்
ஒரு ரோட்வைலர் நடந்துபோனதைப் பார்த்து
மூன்று நாளில் முதல்முறை சிரித்தோம்.

படிவத்தில் ஒரு கட்டம்: முகவரி.
அங்கேதான் எல்லோருக்கும் பேனா நிற்கிறது.
சிலர் பழையதையே எழுதுகிறார்கள்,
கதவு எண்ணோடு,
மாடியா கீழ்த்தளமா என்பதோடு.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

நான்காம் நாள் நிபால்டோ ஓயர்சூன் வந்தார்.
பஸ் ஓட்டுநர். புருவம் இல்லை.
"இதுதான்" என்றார், நாற்பத்தொன்றைக் காட்டி.
நாற்பத்தொன்று அவரை முகர்ந்தது.
ஆஸ்பத்திரிச் சோப்பை முகர்ந்திருக்கும்,
தானமாக வந்த யாருடையதோ சட்டையை,
எல்லாவற்றுக்கும் அடியில் புகையை.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

"பிரூஹோ!"
வெந்த தொண்டையில் பாதிப் பெயர்தான் வெளியே வந்தது.
விசில் அடிக்கப் பார்த்தார். காற்று மட்டும்.
எனக்கும் சந்தேகம்தான்.
கறுப்பு நாய்கள் எங்களிடம் ஒன்பது.

தரையில் உட்கார்ந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து, கூச்சத்தோடு,
க்ரீ...ச். டக்.
மறுபடியும்
க்ரீ...ச். டக்.
துருவேறிய கீல். தாழ்ப்பாள்.
எண்ணெய் போடு, எண்ணெய் போடு என்று
மனைவி பதினோரு வருஷம் சொல்லியும்
போடாமல் விட்ட இரும்பு கேட்.
அது இப்போது தகரக் கட்டியாகக் கிடக்கிறது,
அவர் தொண்டையில் திறந்தது.

முதலில் காது.
பிறகு வால்.
பிறகு காலுறை போட்ட நாலு காலும் வழுக்க வழுக்க
மொத்த நாயும்.

வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.
எர்மினியா தன் கையிலிருந்த பையைக் கசக்கினாள்,
ரொட்டிப் பொட்டலம் பிரியும் சரசரப்பு.
ஒரு பையன் நாக்கால் ஃப்ரிட்ஜைத் திறந்தான், ப்ளக்.
இன்னொருத்தி குதிகாலால் பன்னிரண்டு படி இறங்கினாள்,
ஐந்தாவது படி மட்டும் முனகியது.
இல்லாத தெரு ஒன்று
அரைமணி நேரம் அங்கே சத்தம் போட்டது.

எல்லாவற்றுக்கும் பதில் வரவில்லை.
படி இறங்கியவள் மூன்று முறை இறங்கினாள்.
பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு
நாளைக்கு வருகிறேன் என்றாள்.

இருபத்துமூன்று, சாம்பல் நிறப் பூனை.
நிறமே அதுதான், கழுவிப் பார்த்துவிட்டோம்.
அதைக் கேட்டு யாரும் வரவில்லை.
இரவு எல்லோரும் போனபின் முயன்று பார்த்தேன்:
தட்டில் கரண்டி, சாவிக்கொத்து,
கொதிக்கும் கெட்டில், டின் மூடி,
காலண்டர் தாள் கிழிகிற சத்தம்கூட.
காது அசையவில்லை.
செவிடோ என்று பின்னால் நின்று கைதட்டினேன்,
திரும்பி முறைத்தது.

அமைதியான வீடாக இருந்திருக்கும்.
ஒற்றை ஆள். ரேடியோ கிடையாது.
கதவைக்கூட மெல்லச் சாத்துகிற மனுஷர்.

கூண்டைத் திறந்துவைத்தேன்.
விளக்கை அணைத்துவிட்டு
பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன்.
மணி இரண்டு இருக்கும்,
என் ஷூவின் மேல்
களிம்பு ஈரத்தோடு ஒரு பாதம்.